நூற்றிருபது துண்டுகளும் ஒரு கிறிஸ்துமஸ் அட்டையும்

நோரீன் கேட்டராலுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது. இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஃப்ளீட்வுட்டில் அவள் முடிதிருத்தகம் நடத்திய முப்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. உண்டியல் குலுக்குகிறவன், ஜன்னல் துடைக்கிறவன், ஓட்டுக் கேட்டு வருகிறவன், எல்லோருக்கும் "சரி கண்ணு, உட்காரு கண்ணு" தான். ஒரு தேர்தலில் மூன்று கட்சிக்கும் ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். கடைசியில் யாருக்கும் துரோகம் செய்ய மனம் வராமல் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

நான் தெல்மா ஸ்வார்பிரிக். நோரீன் அளவுக்கு நல்லவள் இல்லை, அதற்கு முயன்றதும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் இருபத்தெட்டு வருஷம் அச்சுக்கோர்த்தேன். மரண அறிவிப்பு, ஏல அறிவிப்பு, காணாமல் போன நாய்கள் எல்லாம் என் பக்கம்தான். ஆறு பாயிண்ட் எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்ன எழுத்தில் இரண்டு ஜாதி உண்டு. இடம் போதாமல் சிறுத்தது ஒன்று. யாரும் படித்துவிடக் கூடாதென்று சிறுத்தது இன்னொன்று. முதலாவது கௌரவமான எழுத்து. இரண்டாவதை எழுதுகிறவனை நான் திருடன் என்றுதான் சொல்வேன், அவன் கழுத்தில் டை கட்டியிருந்தாலும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நோரீனிடம் போய்த் தலையைக் கழுவி, ரோலர் சுற்றி, ட்ரையருக்கு அடியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து வருவது என் வழக்கம். கணவர் இறந்த வாரம்கூடத் தவறவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செம்புச் சிவப்பில் சாயம். எழுபத்து மூன்று வயதில் அது எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதில்லை.

அவள் எப்படி மாட்டினாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், ஐரிஷ் கடல் முழுவதும் தெருவில் கொட்டுவது போல மழை. பிரிம்டேல் லினன் என்ற கம்பெனியின் விற்பனையாள் ஒருவன் தொப்பலாக நனைந்து கடைக்குள் வந்தான். பெயர் கெய்ரன். துண்டு வாடகைக்கு விடுகிற கம்பெனி. சுத்தமான துண்டையும் கால்மிதியையும் வாரா வாரம் கொண்டுவந்து போட்டு, அழுக்கானதை எடுத்துப் போவார்கள். நோரீன் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, தலை துவட்டத் தன் துண்டையே கொடுத்தாள்.

"துண்டெல்லாம் நாங்களே துவைச்சுக்கறோம் கண்ணு," என்று சொல்லவும் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய சண்டை.

"வாங்கவே வேணாம் நோரீன். நான் வந்துட்டுப் போனேன்னு எங்க மேனேஜருக்குத் தெரியணும். இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இல்லாட்டி இன்னிக்கு முழுக்க நான் வேலையே செய்யலம்பாரு."

பையன் நனைந்திருக்கிறானே என்று போட்டுவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை டெஸ்மண்ட் என்ற டிரைவர் வேனை நிறுத்தி நூற்றிருபது துண்டுகளை இறக்கினான். அந்தக் கடைக்கு அறுபதே அதிகம். நோரீன் விழித்தாள், பிறகு டெஸ்மண்டுக்கும் டீ போட்டாள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஊர்க்காரர்களின் வியாதி இது. நம் காலை மிதித்தவனிடம் நாமே மன்னிப்புக் கேட்போம்.

வருஷங்கள் ஓடின. நோரீனின் கைகள் போய்விட்டன. விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோலை விரல்களால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். ஒருமுறை என் காதைப் பதம் பார்த்துவிட்டு என்னைவிட அதிகமாக அழுதாள். கடையை லியானிடம் கொடுத்துவிடுவது என்று முடிவானது. லியான் பதினான்கு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள், கை சுத்தம், வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் பக்கத்து ஊர் பூல்ட்டனில் இருந்த பெரிய சலூன் ஒன்றும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இந்தத் துண்டுத் தொல்லை தலையில விழாதுன்னா நான் கடைய எடுத்துக்கறேன், நோரீன். பின்னாடி ஒரு வாஷிங் மெஷின் போட்டா முடிஞ்சுது. அது என் பேருக்கும் வரும்னா, மன்னிச்சுக்கோங்க, நான் பூல்ட்டன் போயிடுவேன்."

நியாயமான பேச்சு. அன்று மழையில் நோரீன் போட்ட கையெழுத்து ஐந்து வருஷ ஒப்பந்தம், அது மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. டெஸ்மண்ட் நல்லவன், அழுக்கு மூட்டையைத் தூக்கும்போது நோரீன் காதில் போட்டுவைத்தான்: "வேணாம்னா எழுத்துல குடுக்கணும், இல்லாட்டி அது தானா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். டிசம்பர் மாசத்துலயே ஆபீஸுக்குப் போய்ச் சேரணும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நோரீன் எழுத்தில் கொடுத்தாள். எப்படிக் கொடுத்தாள் என்பதுதான் கதை.

கிறிஸ்துமஸுக்கு அவள் நூற்றைம்பது அட்டை அனுப்புவாள், எல்லாம் கையால் செய்தது. வெள்ளை அட்டையில் ஒரு ராபின் குருவி. அதன் சிவப்பு நெஞ்சுக்குக் கடையில் வெட்டி விழுந்த சிவப்பு முடியைப் பொடியாக நறுக்கிப் பசை போட்டு ஒட்டுவாள். அருவருப்பான வேலை என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஊரில் பாதி வீட்டு அடுப்பு மாடத்தில் அந்தக் குருவி நிற்கும். விரல் அந்த நிலைமையில் இருந்தும் போன வருஷம் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

ஜனவரி மூன்றாவது வியாழக்கிழமை நான் ட்ரையருக்கு அடியில் இருந்தேன். நோரீன் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. 'எங்களுடன் மேலும் ஐந்து ஆண்டுகள் தொடர்வதற்கு நன்றி' என்று பெரிய நீல எழுத்தில் ஆரம்பித்தது அந்தக் கடிதம்.

"நான்தான் வேணாம்னு எழுதிட்டேனே தெல்மா."

"லெட்டரா எழுதினே? காப்பி எங்க?"

"லெட்டர் இல்ல. கிறிஸ்துமஸ் நேரத்துல வெறும் லெட்டர் போட்டு, 'உங்க சகவாசம் வேணாம்'னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு, கார்டுலயே எழுதிட்டேன்."

"கார்டுலயா?"

"நல்லபடியாத்தான் எழுதினேன். 'எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து, என் கை போயிடுச்சு, மார்ச் முப்பத்தொண்ணோட துண்ட நிறுத்திக்கறேன், இத்தன வருஷம் பாத்துக்கிட்டதுக்கு நன்றி.' கீழ முழுப் பேரு, கடைப் பேரு, தேதி எல்லாம் போட்டேன்."

"ரசீது வாங்கி அனுப்பினியா?"

"கார்டுக்கு யாராவது ரசீது வாங்குவாங்களா, கண்ணு?"

எனக்கு வந்த கோபத்தில் ட்ரையரைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவள் மேல் பாதிக் கோபம். கழுத்தை நெரிக்கிறவனுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிற ஊர் உலகத்தில் வேறு இருக்காது. மீதிப் பாதிக் கோபத்துக்கு உரிய பிரிம்டேல்காரர்களை அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

மறுமுனையில் ஒரு பெண் எழுதிவைத்ததைப் படித்தாள். "உங்ககிட்டேர்ந்து எந்த நோட்டீஸும் பதிவாகல, மேடம். நவம்பர் பில்லோட நினைவூட்டல் வெச்சு அனுப்பியிருக்கோம்."

"நான் பாக்கலையே, கண்ணு."

"பாத்தீங்களா இல்லையாங்கறது பிரச்சினையே இல்ல மேடம். பிரிவு பத்தொன்பதுப்படி, வந்து சேந்த காகிதத்தை நீங்க படிச்சதாத்தான் கணக்கு. கவரப் பிரிக்கலேன்னாலும்."

"ஓ. சரி கண்ணு, நன்றி," என்று சொல்லி வைத்துவிட்டாள். நன்றியாம்! லியான் கையிலிருந்த சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னேன். தாளின் பின்பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில், நான் சொன்ன அந்த இரண்டாம் ஜாதி எழுத்து, இடைவெளியே இல்லாமல். பூதக்கண்ணாடி என் கைப்பையில் எப்போதும் இருக்கும். தலையில் ரோலரோடு முழுவதையும் படித்தேன். கம்பெனி நினைத்தால் பதினான்கு நாளில் விலகிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் ஐந்து வருஷம் அசையக் கூடாது. கடையை விற்றாலும் விடாது, மூடினாலும் விடாது. பதினேழாம் பிரிவு, செத்தாலும் விடாது என்றது. இருபத்தெட்டு வருஷம் மரண அறிவிப்பு அடித்தவள் நான். செத்தவளிடம் கால்மிதிக்கு வாடகை கேட்கிற குடும்பத்தை எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை.

பதினான்காம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. விலகும் நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், ஒப்பந்தம் முடிவதற்கு நூற்றிருபது நாளுக்கு முன்னதாகவும் கூடாது, தொண்ணூறு நாளுக்குப் பிந்தியும் கூடாது, தலைமை அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை. கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத ஒரே மாதம். முடிதிருத்தகக்காரிக்குச் சாப்பிடவும் நேரமில்லாத மாதம். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கும் என்னிடம் இரண்டு வார்த்தை உண்டு.

"எந்தத் தாள்ல எழுதணும்னு ஒரு வார்த்த இல்ல," என்றேன். "உன் கார்டு செல்லும். அது போய்ச் சேந்ததுக்குத்தான் சாட்சி இல்ல."

"விட்டுடு தெல்மா. என் தப்புதான். லியான் பூல்ட்டன் போகட்டும். நான் எப்படியோ ஓட்டறேன்."

அந்தக் கைகளை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டுவாளாம். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, துண்டை மோசமாக மடித்திருக்கிறாள் என்று அவளைத் திட்டினேன்.

பிப்ரவரி இரண்டாவது வியாழன். சுத்தமான துண்டுக் கட்டு ஒவ்வொன்றின் மேலும் பிரிம்டேல் ஒரு செய்திமடல் வைத்து அனுப்பும். யாரும் படிப்பதில்லை. நோரீன் அதில் வெட்டின முடியைச் சுருட்டிக் குப்பையில் போடுவாள். அன்று சாயம் ஊறும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒன்றை எடுத்தேன். உள்பக்கத்தில் புகைப்படம். காகிதத் தொப்பி போட்ட பத்துப் பேர் பல்லைக் காட்டுகிறார்கள். பின்னால் சுவர் நெடுகக் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகள் தொங்குகின்றன. நடுவில் ஒருவன் 'முதல் பரிசு' என்ற பட்டையோடு ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு ராபின் குருவி. அதன் நெஞ்சில் என் தலைமுடி.

படத்துக்குக் கீழே எறும்பு ஊர்வது போல ஒரு வரி. பூதக்கண்ணாடியை வைத்தேன். 'தலைமை அலுவலகம், டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளர்கள் அனுப்பிய அட்டைகளில் சிறந்தது. நன்றி, நோரீன், ஃப்ளீட்வுட்!'

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரி என் காதை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

உடனே கம்பெனிக்கு எழுதினோம். இந்தத் தடவை வெறும் கடிதம், ரசீதோடு. வாழ்த்து எதுவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை கெய்ரனே நேரில் வந்தான். இப்போது அவன்தான் வட்டார மேனேஜர். மழை இல்லை, நல்ல கோட்டு. நோரீன் பழக்கத்தில் கெட்டிலைப் போட்டாள்.

"நோரீன், எப்படி இருக்கீங்க? கை எப்படி இருக்கு? கேட்டதும் மனசே கஷ்டமாப் போச்சு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "உங்களுக்காக மேலிடத்துல சண்டை போட்டிருக்கேன். அஞ்சு வருஷத்த மூணாக் குறைச்சுத் தரோம். இதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், நோரீனின் கை பேனாவை நோக்கிப் போனது. நான் ரோலரோடும் தோள்துணியோடும் எழுந்து தாளின் மேல் கையை வைத்தேன்.

"நோட்டீஸ் டிசம்பர்லயே குடுத்தாச்சு, தம்பி."

"நீங்க யாரு?"

"உங்க பரிசு வாங்கின குருவிக்கு முடி குடுத்தவ. படத்தப் பாரு, என் தலையப் பாரு."

ட்ரையருக்கு அடியில் இருந்த இரண்டு பேரும் ட்ரையரை நிறுத்திவிட்டார்கள். அவன் சிரித்துப் பார்த்தான். கடையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அது வாழ்த்துக் கார்டு. நோட்டீஸ்னா அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"பதினாலாம் பிரிவுல காட்டு. எழுத்துல இருக்கணும், இருந்துது. கையெழுத்து இருக்கணும், இருந்துது. ஒண்ணாந் தேதிக்கும் முப்பத்தொண்ணுக்கும் நடுவுல தலைமை ஆபீஸுக்கு வரணும். பன்னண்டாந் தேதி உங்க ஆளு கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறான்."

"அந்தக் கார்ட யாருமே திறந்து படிக்கல. வெளிப் படத்துக்குத்தான் பரிசு குடுத்தோம்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒப்பந்தத்தைத் திருப்பி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன், பூதக்கண்ணாடியையும் சேர்த்து. "பத்தொன்பது. நீயே படி. கடைக்கே கேக்கட்டும்."

அவன் படிக்கவில்லை. லியான் பிடுங்கிப் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல. "'ஒரு தரப்பின் முகவரிக்கு வந்து சேர்ந்த எந்தக் காகிதமும், பிரிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், அத்தரப்பால் படிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.' அடேங்கப்பா! எந்தத் தரப்புன்னு போடவே இல்லியே, கெய்ரன்?"

"அது… அந்த அர்த்தத்துல எழுதினது இல்ல."

"தெரியும்டா," என்றேன். "எங்கள மாட்ட எழுதினது. இப்ப நீ அதுக்குள்ள இருக்கே."

அவன் முகம் சிவந்து காது வரை போனது. சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்வதாக முணுமுணுத்துத் தாள்களை அள்ளினான். நோரீன் அப்போதுதான் டீயோடு வந்து, "குடிச்சுட்டுப் போயேன் கண்ணு," என்றாள். அவன் நிற்கவில்லை.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி கடிதம் வந்தது. 'நீண்டகால வாடிக்கையாளர் என்பதால், நல்லெண்ணத்தின் அடிப்படையில்' மார்ச் முப்பத்தொன்றோடு முடித்துக்கொள்கிறார்களாம். நல்லெண்ணம்! மன்னிப்பு என்று ஓர் எழுத்து இல்லை. இதே கடற்கரை நெடுக இதே சாம்பல் எழுத்தில் எத்தனை கடைக்காரர்கள் மாட்டியிருக்கிறார்களோ, அவர்களுக்கெல்லாம் பரிசு வாங்கின குருவி இல்லையே. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. நோரீன் அவர்களுக்கு நன்றி அட்டை செய்யப் போவதாகச் சொன்னாள். என் தலையிலிருந்து ஒரு முடி கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

லியான் பூல்ட்டனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மார்ச் முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமை. டெஸ்மண்ட் கடைசி மூட்டையைத் தூக்கினான், கால்மிதியைச் சுருட்டினான். மிதி கிடந்த இடத்தில் தரை மட்டும் புதிதாகப் பளபளத்தது.

ஏப்ரலிலிருந்து நோரீனுக்கும் வியாழக்கிழமை பத்து மணிதான். என் பக்கத்து நாற்காலியில் வாடிக்கையாளராக உட்காருகிறாள். முடி வெட்டுவது லியான்.

மூன்றாவது வாரம் நல்ல மழை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வந்தான், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட. கார்டு தேய்க்கிற மெஷின் விற்கிற கம்பெனியாம். எங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது என்று லியான் சொன்னாள்.

"வாங்கவே வேணாங்க. நான் வந்துட்டுப் போனேன்னு எங்க மேனேஜருக்குத் தெரியணும். இந்த ஸ்கிரீன்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

லியானின் கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தது. என்ன செய்ய, மழையில் நனைந்த பையன். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. தலையில் பாதி ரோலர், கழுத்தில் தோள்துணி, நெற்றியில் நீர் வடிய நோரீன் எழுந்து போனாள். அவன் நீட்டின பேனாவைத் தன் வீங்கின விரல்களுக்குள் இறுக்கி வாங்கி, அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"வேண்டாம்," என்றாள்.

அவளுக்கே அந்தச் சொல் புதிதாக இருந்திருக்க வேண்டும், இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம். உக்காரு கண்ணு, நல்லா நனைஞ்சிருக்கே. டீ தரேன். கையெழுத்து கிடையாது."

டீ போடத் திரும்பினாள். பையன் நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.